இணைப்பு குறைவாக உள்ளது

இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 309: தற்கொலை செய்துகொள்ள முயன்று அதற்கான செயல் எதையேனும் செய்பவர், ஓராண்டு வரையிலான வெறுங்காவலோ, அபராதமோ, இரண்டுமோ விதித்துத் தண்டிக்கப்படுவார். நான் சொல்லப்போவது நடந்தபோது இந்தப் பிரிவு முழு உயிரோடு இருந்தது. பிற்பாடு வேறொரு சட்டம் வந்து அதன் பல்லைப் பிடுங்கியது. செத்தால் வழக்கில்லை, பிழைத்தால் வழக்கு என்று எழுதிவைத்தவர் நிச்சயம் கோப்பு பார்த்துப் பழகியவராகத்தான் இருந்திருப்பார். இறந்தவருக்கு அழைப்பாணை சார்வு செய்ய, அதாவது கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க, முடியாது. பிழைத்தவருக்கு முகவரி உண்டு.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவருக்கு அந்தப் பிரிவு பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. ஒரு சொல் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை எழுதப்போவதில்லை. அதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் லாபமில்லை. ஒரு மதிய நேரம், அவர் மனைவி மாடியிலிருந்து கத்தினார். நான் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாலைக்குள் கண் விழித்துவிட்டார். அவ்வளவு போதும்.

ஆஸ்பத்திரி புறக்காவலில் இருந்த ஏட்டு, தன் கடமைப்படி, கட்டிலருகே இருந்த அவர் மனைவியிடம் வந்து நின்றார்.

"என்னம்மா நடந்துச்சு?"

"தவறுதலா நடந்துபோச்சு சார்."

"தவறுதலாவா?"

"ஆமா சார். தவறுதலா."

ஏட்டு என்னைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. "நீங்க யாரு?"

"வீட்டுக்காரன். வருவாய்த் துறையில இருந்து ரிட்டயர் ஆனவன்."

"அப்ப ஒங்களுக்கே தெரியும்" என்றார் ஏட்டு. எனக்கு என்ன தெரியும் என்று அவர் சொல்லவில்லை. பதிவேட்டில் 'தவறுதலாக' என்று எழுதினார், தொப்பியைச் சரிசெய்தார், போய்விட்டார். முப்பது சொச்ச வருட சேவையில் சட்டத்தை இத்தனை நேர்த்தியாக ஒருவர் நகர்த்திவைத்து நான் பார்த்ததில்லை. அந்த ஏட்டுக்கு இன்றும் ஒரு சலாம்.

ஆனால் அந்தச் சொல் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தவறுதலாக நடந்தது என்று பதிவான பிறகு, யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. கேட்டால் பதிவேடு பொய். அவர் மனைவி கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஹார்லிக்ஸ் வைத்தார்கள், "இனிமே பாத்து இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வழுக்கி விழுந்தவரிடம் சொல்வதைப் போல.

தெருவில் அவருக்கு 'மிலிட்டரி' என்று பெயர். ஆமத்தூர்ப் பக்கத்துக் கிராமம். பிறர் காட்டில் கூலி வேலை செய்த குடும்பம். அவருடைய அண்ணன் தம்பிகள் பட்டாசு வேலைக்குப் போனார்கள், இவர் பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனார். வடக்கே, பனிமலைகளில், பல வருடம். திரும்பி வந்து, ஆமத்தூர் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் கேட் வாட்ச்மேன். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து, தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் போகாமல் பார்ப்பது வேலை.

குண்டுச் சத்தத்தில் இருந்து வந்த மனிதன் பட்டாசுக் கம்பெனியிலா வேலைக்குச் சேர்வான் என்று எனக்கு ஆரம்பம் முதலே வியப்பு. ஒரு நாள் கேட்டேன்.

"பாய், நீங்க எப்பவாச்சும் கம்பெனிக்குள்ள வந்திருக்கீகளா?"

"லைசென்ஸ் கோப்பு பாத்திருக்கேன்."

"கோப்புல சத்தம் கேக்காது. வந்து பாருங்க. விருதுநகர் ஜில்லாவுலயே அம்புட்டு அமைதியான எடம் கெடயாது."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். வேப்பமரங்களுக்கு இடையே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள். வெறுங்காலோடு பெண்கள் நடக்கிறார்கள். யாரும் எதையும் இழுப்பதில்லை, போடுவதில்லை, வேகமாகத் திரும்புவதுகூட இல்லை. சத்தம் முழுவதையும் பெட்டியில் அடைத்து வடநாட்டுக்கு லோடு ஏற்றிவிட்டு, ஊர் மௌனமாக உட்கார்ந்திருக்கிறது. பேருந்து நிலையத்தில் டயர் வெடித்தால் டீக்கடை பெஞ்சுக்குக் கீழே போய்விடுகிற அவர், இங்கே கேட்டில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அங்கன அமைதியா இருந்தா என்னமோ வரப்போகுதுன்னு அர்த்தம்" என்றார், மலையைச் சொல்லி. "இங்கன அமைதியா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

இத்தனை தெளிவாகப் பேசுகிறவர் ஏன் அப்படிச் செய்தார்? இந்தக் கேள்வி எனக்குள் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உட்கார்ந்துகொண்டது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மல்லி, வத்தல் வியாபாரம். நான் ஒருவன்தான் சர்க்கார் வேலைக்குப் போனவன். அதை இன்றுவரை நஷ்டக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். வியாபாரிக்கு லாபம் தெரிந்தால் போதும். எனக்குக் காரணம் தெரிய வேண்டும். கோப்பில் ஒரு குறிப்பு விடுபட்டிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஆஸ்பத்திரியில் மதுரைக்கு எழுதிக்கொடுத்தார்கள். மதுரையில் ஒரு மனநல டாக்டர், நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண், பட்டாளத்திலிருந்து வந்தவர்களின் மூளையைப் படம் எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். சிகிச்சை தனி, ஆராய்ச்சி தனி, ஆராய்ச்சிக்கு வர விருப்பமில்லையென்றால் சிகிச்சை நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒரு தாளைக் கொடுத்தார். அதில், 'ஓய்வு நிலையில் மூளைப் பகுதிகளுக்கு இடையேயான இணைப்பினை அறிதல்' என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சார்?"

"இணைப்புன்னா எங்க ஆபீஸ்ல வேற அர்த்தம், டாக்டர். கடுதாசிக்குக் கீழ 'இணைப்பு: ஒன்று'ன்னு போட்டிருப்பான். உறையைப் பிரிச்சா அந்த ஒண்ணு மட்டும் இருக்காது."

டாக்டரும் சிரித்தார். ஆனால் விளக்கத் தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு நின்று, காது நீண்டுவிட்டது. ஆளைப் படுக்கவைத்து, எந்த வேலையும் கொடுக்காமல், சும்மா இருக்கச் சொல்வார்கள். சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருப்பதில்லை. ஒரு பகுதியில் ரத்த ஓட்டம் ஏறி இறங்கும். அதே தாளத்தில் தூரத்தில் இருக்கிற இன்னொரு பகுதியிலும் ஏறி இறங்கும். அப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகிறவற்றுக்கு இடையே இணைப்பு இருப்பதாகக் கொள்வார்கள்.

"புரியுது" என்றேன். "ஆபீஸ்ல யாருக்கு யாரோட தொடர்புன்னு ஆணையைப் பாத்தாத் தெரியாது. வேலை இல்லாத நேரத்துல யார் எந்திரிச்சா யார் கூட எந்திரிக்கிறான், யாரும் யாரும் சேந்து டீக்குப் போறான்னு பாக்கணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், இதை நான் வகுப்புல சொல்லிக்கலாமா?"

"தாராளமா."

பிறகு அவர் என் பாஷையிலேயே பேச ஆரம்பித்தார். மூளையில் ஆபத்து மணி அடிக்கிற பிரிவு ஒன்று உண்டு. பொறு, யோசி என்று தடுக்கிற பிரிவு ஒன்று உண்டு. தன்னைப் பற்றியே அசைபோடுகிற பிரிவு ஒன்று உண்டு. போரிலிருந்து வந்து, சாக வேண்டும் என்ற நினைப்போடு போராடுகிறவர்களில் சிலருக்கு, இந்தப் பிரிவுகள் ஒன்றோடொன்று சேர்கிற விதம் மற்றவர்களைவிட வேறுபடுவதாகத் தெரிகிறது. சில இடத்தில் தொடர்பு மெலிந்திருக்கிறது, சில இடத்தில் தேவைக்கு மேல் இறுகியிருக்கிறது.

"போர்ல போயி அப்படி ஆனதா, போறதுக்கு முன்னாடியே அப்படியா?"

"தெரியாது சார். போகும்போது யாரும் படம் எடுக்கலையே."

"சரி. படத்தைப் பாத்து இவர் மறுபடி செய்வாரா மாட்டாரான்னு சொல்லிருவீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"பல பேரோட படத்தைச் சேர்த்து வச்சுப் பாத்தா ஒரு வித்தியாசம் தெரியுது. ஒத்தை ஆளோட படத்துல அதைத் தேட முடியாது. இன்னைக்கு இருக்கிற அறிவுக்கு முடியாது."

நான் ஏமாந்துபோனேன். ஒரு சான்றிதழ் கிடைக்கும் என்று நினைத்துப் போனவன். சான்று இல்லாமல் ஒரு விஷயத்தை நம்புவதற்கு எனக்குப் பயிற்சி கிடையாது.

படம் எடுக்க சம்மதம் கேட்டபோது மிலிட்டரி சரி என்றார். "எனக்கு முன்னாடியே யாராச்சும் உள்ள எட்டிப் பாத்துட்டா நல்லதுதான்" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று நான் பேருந்தில் வரும்போது வெகுநேரம் யோசித்தேன்.

படம் எடுக்கிற அறையில் இரும்பு, உலோகம் எதுவும் கூடாது. மோதிரம், கடிகாரம், பெல்ட் எல்லாம் கழற்றியாயிற்று. டெக்னீஷியன் தடவிப் பார்த்தான். மனைவிக்கு வேடிக்கையாக இருந்தது.

"கேட்டுல எம்புட்டு பேரு இடுப்பத் தடவியிருப்பீக. இன்னைக்கி ஒங்க மொறை."

இடுப்பில் அரைஞாண் இருந்தது. அதில் ஒரு வெள்ளித் தாயத்து. முடிச்சு வருடக்கணக்கில் இறுகிக் கல்லாகியிருந்தது. டெக்னீஷியன், மதுரைப் பையன், அவசரத்தில் கத்தரிக்கோலை எடுத்தான்.

"ஏய், வைய்யி கீழ!" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் வரவேற்பறையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "உசுரோட இருக்கிற ஆளுக்கு அரைஞாண அறுக்க வாரியா? யாரு வீட்டுப் புள்ள நீயி?"

பையன் திகைத்து நின்றான். எனக்கும் ஒரு கணம் தேவைப்பட்டது. பிறகு நினைவு வந்தது: அவர்கள் வழக்கத்தில் அரைஞாணை அறுப்பது, பிணத்தைக் குளிப்பாட்டும்போது. மிலிட்டரி சுவரோரமாகப் போய் உட்கார்ந்து, குனிந்து, நகத்தால் முடிச்சை நோண்ட ஆரம்பித்தார். நேரம் போயிற்று. பையன் கடிகாரத்தைப் பார்த்தான். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டை ஊசியால் முடிச்சுக்குள் குத்தி நெம்பினார்.

"எவன் போட்ட முடிச்சு இது?"

"நீதான் போட்ட. லீவு முடிஞ்சு போறப்ப."

"அவுந்துரக் கூடாதுன்னு போட்டேன்."

"அவுரல."

எனக்கு இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளைப் படித்தேன். கடைசியில் முடிச்சு நெகிழ்ந்தது. கயிற்றை அந்த அம்மா உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். இயந்திரம் உள்ளே தடதடவென்று அடித்த நேரம் முழுக்கக் கையைத் திறக்கவில்லை. அவர் வெளியே வந்ததும், சட்டையைப் போட விடாமல், முதலில் கயிற்றைக் கட்டினார்.

"உள்ளே சத்தம் எப்படி?" என்று கேட்டேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"முன்னக்கூட்டியே சொல்லிட்டாகல்ல. சொல்லிட்டு அடிச்சா ஒண்ணும் இல்ல பாய்."

கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், மறுபடி செய்வாரான்னு என்னைக் கேட்டீங்க. அவரைக் கேட்டீங்களா?"

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். தவறுதலா நடந்ததுன்னார். நான் டாக்டர், எனக்கு எழுத்துல இருக்கிற பதில்தான் கிடைக்கும். உங்ககிட்ட அவர் பேசுறார். நேராக் கேளுங்க. சுத்தி வளைக்காம, சாகணும்னு தோணுதான்னு கேளுங்க."

அவர் மனைவி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "கேட்டா மறந்துபோனது ஞாபகம் வந்துராதாம்மா?"

"வராது. கேக்கிறதால யாருக்கும் அந்த எண்ணம் புதுசா வர்றதில்லை. யாரும் கேக்காதப்பதான் அது தனியா உக்காந்திருக்கும்." மேலும் சில சொன்னார். ஆபத்தான எதையும் வீட்டில் வைக்க வேண்டாம். மாத்திரை அவர் கையில் மொத்தமாக இருக்க வேண்டாம். வீட்டுக்கு வந்த அன்றே அந்த அம்மா அப்படிப்பட்டதையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி, மல்லாங்கிணறில் இருக்கிற தம்பி வீட்டுக்கு எடுத்துப்போய், காட்டு வேலைக்கான சாமான்களோடு வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தார். மாத்திரை எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்தது. தினமும் காலையில் மிலிட்டரி கீழே இறங்கிவந்து, என் மனைவியிடம் அன்றைய மாத்திரையை வாங்கி, தண்ணீரோடு விழுங்கிவிட்டு, சைக்கிளைத் துடைத்து எடுப்பார். தினசரி ஆஜர்.

அப்படி ஒரு காலையில் கேட்டேன். மாசி மாதம்.

"ஒண்ணு கேக்கணும்."

"வீட்டக் காலி பண்ணணுமா பாய்?"

"அதில்ல. செத்துப்போகணும்னு ஒங்களுக்குத் தோணுதா?"

சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. துணியை மடித்து சீட்டுக்கு அடியில் செருகினார். "கேட்டுக்கு நேரமாச்சு" என்று ஏறிப் போய்விட்டார்.

மாடியிலிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன பாய் நீங்க, இப்பிடியா பட்டுன்னு கேப்பாக?"

"டாக்டரம்மா பட்டுன்னுதான கேக்கச் சொன்னாக."

"அவுக சொன்னா? டீயக் கீயக் குடுத்துட்டுக் கேக்கக்கூடாதா?"

அன்று மாலை சைக்கிள் சத்தம் கேட்கிறவரைக்கும் நாங்கள் இருவரும், என் மனைவியும் சேர்த்து மூன்று பேரும், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தார். சாப்பிட்டார். மறுநாள் காலையில் மாத்திரைக்கு இறங்கினார். கேள்வியைப் பற்றிப் பேச்சில்லை.

பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டு அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. சில வாரம் விட்டு, இந்த முறை டீயோடு, கேட்டேன்.

"கேட்டதையே கேக்கீக."

"பதில் வரலயே."

"பட்டாளத்துல பதில் வரலன்னா ஆர்டர் புரிஞ்சிருச்சின்னு அர்த்தம்."

"எங்க டிபார்ட்மென்டுல பதில் வரலன்னா கோப்பு எவனோட நாற்காலிக்கு அடியிலயோ கெடக்குன்னு அர்த்தம்."

"கெடக்கட்டும்" என்றார். ஆனால் டீயைக் குடித்து முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் நின்றபடி ஊற்றிக்கொண்டு போகிறவர். நான் இதைக் கவனித்து வைத்துக்கொண்டேன். அதன்பிறகு காலையில் கொஞ்சம் பேசினார். மலையைப் பற்றி, அங்கே கூட இருந்தவர்களைப் பற்றி, பனியில் சப்பாத்தி உடைகிற விதம் பற்றி. ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் பாதியில் நிறுத்திவிடுவார். நான் கேட்கமாட்டேன். என் கேள்வி ஒன்றுதான், அது ஏற்கெனவே நிலுவையில் இருந்தது.

இதற்கிடையில் நான் மனு ஒன்று போட்டிருந்தேன். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ உதவியில் அவருக்கு அனுமதித்த இடம் அடுத்த மாநிலத்தில், ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் இருந்தது. மதுரையிலேயே தொடர அனுமதி வேண்டும் என்று கேட்டேன். மனு போன அலுவலகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் என் ஜாதி, கோப்பு ஜாதி. டாக்டரிடம் கடிதம் வாங்கினேன். நோயின் பெயர், தேவைப்படும் சிகிச்சை எல்லாம் எழுதினார். "படத்தைப் பத்தி ஒரு வரி போடுங்க டாக்டர், ஆபீஸ்ல படம்னா மதிப்பு" என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அரை மனதோடு எழுதினார்: 'ஆய்வுக்காக எடுத்த படத்தில் சில பகுதிகளுக்கிடையே இணைப்பு குறைவாக உள்ளது. இதை மட்டும் கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது.'

ஆனி கடைசியில் குறிப்பாணை வந்தது. முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வேன்: 'பார்வையில் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது. மனுவில் இணைப்பு குறைவாக உள்ளது என மருத்துவரே சான்றளித்துள்ளார். எனவே குறைவாக உள்ள இணைப்பினை உரிய அலுவலரின் மேலொப்பத்துடன் இணைத்து மனுவினை மீளச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

இரண்டு முறை படித்தேன். குறை சொல்ல முடியாத வாக்கியம். நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இதையேதான் எழுதியிருப்பேன். 'மேலொப்பத்துடன்' என்பதை மட்டும் அடிக்கோடிட்டிருப்பேன்.

மறுநாள் காலை மிலிட்டரிக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு முதலில் புரியவில்லை. இணைப்பு என்றால் அங்கே என்ன, இங்கே என்ன என்று விளக்கினேன்.

"அப்ப என் மண்டையில கொறையுறத ஜெராக்ஸ் எடுத்து அனுப்பச் சொல்றாகளா?"

"ரெண்டு நகல். மேலொப்பத்தோட."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். மாத்திரைக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா மாடியிலிருந்து, "என்னத்துக்கு இந்தச் சிரிப்பு, எனக்கும் சொல்லுங்களேன்" என்று ஓடிவந்தார். சொன்னோம். "கொறையுறது எதுன்னு என்னயக் கேட்டா நான் லிஸ்டு போட்டுத் தாரேனே" என்றார் அந்த அம்மா.

நான் முறைப்படி விளக்கம் எழுதி மனுவைத் திரும்ப அனுப்பினேன். 'மேற்படி இணைப்பு மனுதாரரின் தலைக்குள் இருப்பதால் தனியே பிரித்தனுப்ப இயலவில்லை' என்று முதலில் எழுதியதை என் மனைவி படித்துவிட்டு, "ஒங்க கொழுப்புக்கு அவர் ஏன் அலையணும்" என்று கிழித்துப்போட்டார். டாக்டர் எந்த அனுமதிக்கும் காத்திருக்கவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

சிரித்துவிட்டார், இனி சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். டாக்டரிடம் சொன்னேன். "சிரிச்சது நல்லது சார்" என்றார். "கேள்வியை மூடிடாதீங்க." ஆகவே ஆடியில் மறுபடி ஒரு நினைவூட்டு. "பாப்பம்" என்றார். அது பதில் அல்ல என்று நான் சொன்னேன். "இடைக்காலப் பதில்னு வச்சுக்கங்க" என்றார். என்னோடு பழகி அவரும் கெட்டுப்போயிருந்தார்.

புரட்டாசி வந்தது. தீபாவளிக்கு முந்தைய சீசன். கம்பெனியில் லாரி மேல் லாரி. கேட்டில் அவருக்கு நிற்க நேரமில்லை என்று அந்த அம்மா சொன்னார். தூக்கம் திரும்பவும் கெட்டிருந்தது. காலையில் டீ ஆறிக் கிடந்தது. நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன செய்வது என்று தெரியாமல். டாக்டரிடம் போக வேண்டிய அடுத்த முறை பத்து நாள் தள்ளி இருந்தது.

ஒரு நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வருகிறேன், எங்கள் வாசலில் சைக்கிள் நிற்கிறது. பட்டப்பகல். அவர் வேலை நேரத்தில் கேட்டை விட்டு அகன்றதாக எனக்குத் தெரிந்து வரலாறே இல்லை. படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஆமத்தூர் தாண்டியிருந்து அந்த வெயிலில் மிதித்து வந்திருக்கிறார்.

"கேட்டு?" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"போர்மேன்கிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் வந்தேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீகல்ல" என்றார். "மாசியில கேட்டீக. பொறவும் கேட்டீக."

"ஆமா."

"ஆமா பாய். தோணுது. அன்னைக்குத் தவறுதலா இல்ல. இன்னைக்கித் தோணுது. நெறயா. அதான் இங்கன வந்தேன்."

ஏன் இன்றைக்கு என்று கேட்டேன். பழக்க தோஷம். "தெரியல" என்றார். "கேட்டுல நின்னேன், தோணுச்சு. தனியா நிக்க வேண்டாம்னு அப்பறம் தோணுச்சு. ரெண்டும் ஒண்ணுபோல வந்துச்சு."

என் மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாடிப்படியில் அந்த அம்மா நின்றிருந்தது எவ்வளவு நேரமாக என்று தெரியாது. இறங்கிவந்து, அவருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, முந்தானையால் அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். திட்டவில்லை, அழவில்லை. "சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

டாக்டருக்குப் போன் செய்தேன். முறை இல்லை, நேரம் இல்லை, புறநோயாளிப் பதிவு முடிந்திருக்கும். "உடனே கூட்டிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றார். சோற்றைப் பிசைந்து அந்த அம்மா கொடுக்க, அவர் வாசலிலேயே சாப்பிட்டார். பிறகு நான்கு பேரும் மதுரை பஸ் ஏறினோம். அவரை நடுவில் உட்கார வைத்தோம். திருமங்கலம் தாண்டியதும் அவர் தூங்கிவிட்டார், தலை என் தோளில் சாய்ந்து. அந்தத் தலைக்குள் என்னென்ன பிரிவு எழுந்து என்னென்ன பிரிவோடு டீக்குப் போய்க்கொண்டிருந்ததோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கனம் மட்டும். அன்று மாலை அவரை டாக்டர் உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார். சேர்க்கைச் சீட்டில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நர்ஸ் கேட்டபோது, மிலிட்டரியே சொன்னார், அவர் சொன்னபடியே எழுதினார்கள்.

மாசியில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது, இரண்டாயிரத்து ஏழாம் வருடம், புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.